இலவசத் துணி கிடைத்துவிட்டது, சீருடைக்கு யார் கொடுப்பது?

2025 ஆம் ஆண்டுக்கான பாடசாலைச் சீருடைத் துணி முழுவதையும் சீன அரசாங்கம் எமது நாட்டுக்கு அன்பளிப்பாக வழங்கியது. ஏறத்தாழ 118 இலட்சம் மீற்றர் துணி. அதன் பெறுமதி சுமார் 517 கோடி ரூபா என்றும், 46 இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பயன்பெறுவர் என்றும் அரசாங்கம் அறிவித்தது. செய்திகளில் இவை பெரிய இலக்கங்களாகவே வந்து போயின. ஒரு பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் விடயம் வேறாகத் தெரியும். தலைக்கு இரண்டரை மீற்றர் துணி. ரூபாவில் ஆயிரத்து நூறு சொச்சம்.

இது சராசரிக் கணக்குத்தான். முதலாம் வகுப்புப் பையனுக்குக் கிடைப்பதும் பதினோராம் வகுப்பு மாணவிக்குக் கிடைப்பதும் ஒரே அளவல்ல. வகுப்புக்கும் ஆண், பெண் வேறுபாட்டுக்கும் ஏற்பத் துணியின் நீளம் மாறும். ஆனாலும் எந்த வகுப்பாக இருந்தாலும், கைக்கு வருவது கிட்டத்தட்ட ஒரு சோடிச் சீருடைக்குரிய துணி. பாடசாலையோ வாரத்தில் ஐந்து நாட்கள். திங்கட்கிழமை உடுத்ததைத் துவைத்துச் செவ்வாய்க்கிழமை உடுக்கலாம் என்று சொல்பவர்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் றத்தோட்டைக்கோ எல்கடுவைக்கோ ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அங்கே இரவு அடுப்படியில் தொங்கவிட்ட வெள்ளைச் சட்டை காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும், கூடவே புகை மணமும் ஏறியிருக்கும். ஆகவே இரண்டாவது சோடி ஆடம்பரம் அல்ல. அதற்குரிய துணியைப் பெற்றோர்தான் கடையில் வாங்க வேண்டும்.

இலவசத் துணித் திட்டத்தைக் குறைத்துச் சொல்வது எமது நோக்கமல்ல. 1945 இல் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் இலவசப் பாடநூல் வந்தது. ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில், 1993 இல், இலவசச் சீருடை வந்தது. கட்டணம் இல்லாவிட்டாலும் உடுப்பில்லாத பிள்ளை பாடசாலைக்கு வராது என்ற உண்மையை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. அந்தத் துணி இல்லாதிருந்தால் மாத்தளை மாவட்டத்தின் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு இடைநடுவில் நின்றிருக்கும். இருந்தும், “சீருடை இலவசம்” என்ற சொல் முப்பது வருடங்களாக ஒரு பெரிய செலவை மறைத்துக்கொண்டு நிற்கிறது. இலவசமாகக் கிடைப்பது துணி. பிள்ளை உடுத்துக்கொண்டு போவது சீருடை. இரண்டுக்கும் இடையில் இருப்பதெல்லாம் பெற்றோரின் தலையில் விழுகிறது.

அந்த இடைவெளியில் முதலில் நிற்பது தையற்கூலி. துணி இலவசமாக வந்தாலும் வராவிட்டாலும் தையற்காரருக்குக் கொடுப்பது கொடுத்தே ஆக வேண்டும். பாடசாலை திறப்பதற்கு முந்திய இரண்டு வாரங்களில் மாத்தளை நகரின் தையற்கடைகளில் இடம் கிடைப்பதே அரிது. அந்த நேரத்தில் கூலியைக் குறைத்துக் கேட்க எவருக்கும் வாய் வராது. நூல், பொத்தான், சிப் விலை ஏறிவிட்டது என்று தையற்காரர் சொல்வதிலும் பொய்யில்லை. வீட்டில் மெஷின் வைத்திருக்கும் உம்மாமார் தப்பித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் துணி கிடைக்கும்வரை காத்திருந்து, கிடைத்த பின் கூலிக்குப் பணம் சேரும்வரை மீண்டும் காத்திருக்கிறார்கள். இதனால் வேறொன்றும் நடக்கிறது. தைத்து அடுக்கி வைத்திருக்கும் ஆயத்தச் சீருடை கடையில் தொங்குகிறது. அவசரத்துக்கு அதை வாங்கிவிட்டு, இலவசத் துணியை அலுமாரியில் வைத்துவிடுகின்ற குடும்பங்களும் உண்டு. அரசு செலவழித்தது ஒருபுறம், பெற்றோர் செலவழித்தது மறுபுறம், இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

அடுத்தது சப்பாத்து. இதுதான் உண்மையில் முதுகை முறிக்கும் செலவு. சட்டையை ஒரு வருடம் இழுத்துப்பிடித்து ஓட்டலாம், ஓரத்தைப் பிரித்து விடலாம், அண்ணனுடையதைத் தம்பிக்குப் போடலாம். வளரும் காலுக்குச் சப்பாத்து அப்படி ஒத்துழைக்காது. வருடத்தின் நடுவிலேயே விரல் முட்டும், அல்லது அடி கழன்றுவிடும். சரளைக்கல் பாதையில் ஒன்றரை மைல் நடந்து பஸ் ஏறும் பிள்ளைக்கும், பாடசாலை வாசலில் வானில் வந்து இறங்கும் பிள்ளைக்கும் ஒரே சப்பாத்து ஒரே காலம் உழைக்காது. அதன் பின் காலுறை, பெனியன், டை, பெட்ஜ், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்தின் நிறத்தில் ஒரு ரீ-சேர்ட், உடற்பயிற்சிக்கு வேறொரு உடை. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சின்னத் தொகைதான். வகுப்பாசிரியர் ஒரு துண்டில் எழுதி அனுப்பும்போது அது சின்னதாகவே தெரியும். வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று துண்டுகளோடு வரும்போதுதான் வாப்பாவின் முகம் மாறும்.

முஸ்லிம் மாணவியரின் விடயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட மேற்சட்டை, காற்சட்டை, பர்தா என்று மூன்று பகுதிகள். அரசு தரும் துணியில் இது கணக்கில் எடுக்கப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது சோடியைச் சொந்தப் பணத்தில் வாங்கும்போது மகனுக்கு ஆகும் செலவை விட மகளுக்குத் துணியும் கூட, தையற்கூலியும் கூட. போதாதற்கு வெள்ளைத் துணி மலிவாக இருந்தால் மெல்லியதாக இருக்கும். மெல்லிய துணி பெண்பிள்ளைக்குச் சரிவராது என்று தாய் தடித்த துணியைத் தேடுவாள். விலை ஒரு படி மேலே போகும். ஆறாம், ஏழாம் வகுப்புக் காலத்தில் பெண்பிள்ளைகள் திடீரென்று உயர்வார்கள். தையில் தைத்தது ஆவணியில் கட்டையாகிவிடும். பையனுக்கு இதே நெருக்கடி, நீலக் கட்டைக் களிசானிலிருந்து வெள்ளை லோங்ஸுக்கு மாறும் வருடத்தில் வருகிறது. அந்த ஒரு வருடத்தில் அவனுடைய பழைய உடுப்பில் எதுவுமே உதவாது.

இந்தச் செலவுகள் எப்போதும் இருந்தவைதானே, இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கனக்கின்றன என்று கேட்கலாம். 2022 இல் நடந்ததை நினைவுபடுத்தினால் போதும். அவ்வருட ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களிலேயே 360 ரூபாவைத் தொட்டது. நாம் ஆடை ஏற்றுமதி செய்யும் நாடு என்று பெருமை பேசினாலும், எமது தொழிற்சாலைகள் பெரும்பாலும் தைப்பவை, நெய்பவை குறைவு. துணி வெளியிலிருந்துதான் வருகிறது. ஆகவே டொலர் ஏறினால் வெள்ளைத் துணியின் விலை ஏறும், சப்பாத்துக்கான மூலப்பொருளின் விலை ஏறும், நூலும் ஏறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். வற் வரி 2022 ஜூனில் 8 இலிருந்து 12 ஆகி, செப்டெம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி வந்தது. குறைந்தது விலை ஏறும் வேகம். ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. மக்கள் “எங்கே குறைந்தது?” என்று கேட்பது அறியாமையினால் அல்ல.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2023 இல் பொருளாதார நெருக்கடியின் தாக்கம் பற்றி நடத்திய குடும்ப ஆய்வில், கல்வி கற்போரில் 54.9 சதவீதமானோரின் கல்வி ஏதோவொரு வகையில் பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வீட்டார் கைவைத்த இடங்களில் பாடசாலைப் பொருட்களும் இருந்தன. பசிக்குச் சோறு வேண்டும், வைத்தியத்துக்கு மருந்து வேண்டும். தள்ளிப்போடக்கூடியது சப்பாத்துத்தான் என்று ஒரு தாய் முடிவெடுத்தால் அவளைக் குறைசொல்ல முடியாது.

அரசாங்கம் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. சப்பாத்துக்கென 3,000 ரூபா வவுச்சர் வந்தது. 2025 ஆம் ஆண்டு ஆரம்பத்தில் அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணங்கள் வாங்க 6,000 ரூபா கொடுக்கப்பட்டது. 300 க்குக் குறைந்த மாணவர்கள் உள்ள பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. இவை நல்ல காரியங்கள். ஆனால் சப்பாத்து வவுச்சர் யாருக்கு என்று தீர்மானித்த விதத்தில் எமக்கு ஒரு பிணக்கு உண்டு. முதன்மையாக அது 250 க்குக் குறைந்த மாணவர்கள் படிக்கும் பாடசாலைகளுக்கென்று வகுக்கப்பட்டது. அதாவது குடும்பத்தின் வறுமையை அல்ல, பாடசாலையின் பருமனையே அளவுகோலாக எடுத்தார்கள்.

சின்னப் பாடசாலையில் ஏழைகள் அதிகம் என்பது பொதுவாகச் சரிதான். மாத்தளை மாவட்டத்தின் நான்கு கல்வி வலயங்களில் வில்கமுவை, நாவுல பக்கம் போனால் அது தெளிவாகவே தெரியும். லக்கலை போன்ற பிரதேசங்களில் சிறு பாடசாலைகள் வவுச்சருக்கு முழுத் தகுதி உள்ளவை. எமது சமூகத்தின் நிலைமை அந்த அச்சில் சரியாகப் பொருந்துவதில்லை. மாவட்டத்தின் சனத்தொகையில் முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளில் சிதறி வாழ்ந்தாலும், பிள்ளைகள் பெருந்தொகையாகச் சேர்வது மாத்தளை ஸாஹிரா, ஆமினா, உக்குவளை அஜ்மீர் போன்ற பெரிய பாடசாலைகளில்தான். அங்கே மூன்று சக்கர வண்டி ஓட்டுபவரின் பிள்ளையும், நகரக் கடையில் நாட்கூலிக்கு நிற்பவரின் பிள்ளையும், மிளகும் கராம்பும் கிலோக் கணக்கில் வாங்கி விற்றுப் பிழைப்பவரின் பிள்ளையும், உம்மா வளைகுடாவில் வீட்டுவேலை செய்ய உம்மும்மாவின் கையில் வளரும் பிள்ளையும், கடை முதலாளியின் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருக்கின்றன. பாடசாலை பெரிது என்பதற்காக இவர்களின் வறுமை சிறிதாகிவிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சப்பாத்துக்கு அரசு வைத்த பெறுமதியையே எடுத்துக்கொள்வோம், 3,000 ரூபா. பெரிய பாடசாலையில் படிக்கும் மூன்று பிள்ளைகளுக்கு 9,000 ரூபா. அஸ்வெசும திட்டத்தில் “வறிய” பிரிவிலுள்ள குடும்பத்துக்கு 2025 ஜனவரி முதல் மாதம் 10,000 ரூபா கிடைக்கிறது. ஒரு மாத உதவித்தொகையில் பத்தில் ஒன்பது பங்கு மூன்று சோடிச் சப்பாத்தில் முடிந்துவிடுகிறது. தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து அவ்வருட இறுதி வரை 27,000 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளக்காரருக்கு அது மாத வருமானத்தில் மூன்றில் ஒன்று. இதில் இரண்டாவது சோடிச் சீருடை இல்லை, தையற்கூலி இல்லை, புத்தகப்பை இல்லை.

காலமும் எமக்கு எதிராகவே நிற்கிறது. 2025 இல் முதலாம் தவணை ஜனவரி 27 இல் தொடங்கியது. மார்ச் 2 இல் நோன்பு. ஐந்து வாரங்களுக்குள் பாடசாலைச் செலவு, அதன் பின்னாலேயே நோன்புச் செலவு, மாதக் கடைசியில் பெருநாள் உடுப்பு. பெருநாளைக்குப் பிள்ளைக்குப் புது உடுப்பு எடுக்காமல் இருக்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. அதனால் தையில் வாங்கிய கடன் சித்திரையில் இரட்டிப்பாகிறது. கடைக் கொப்பியில் ஏறுவது ஒருவகைக் கடன், அதில் மானம் மட்டும்தான் போகும். நுண்கடன்காரரிடம் போவது வேறுவகை.

துணிக்குப் பதில் வவுச்சர் கொடுத்தால் இதெல்லாம் தீருமா? நல்லாட்சிக் காலத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். 2016 பாடசாலை ஆண்டுக்குத் துணிக்குப் பதிலாக வவுச்சர் வந்தது. சில வருடங்களின் பின் மீண்டும் துணிக்கே திரும்பினார்கள். வவுச்சரில் ஒரு நன்மை இருந்தது. தாய் விரும்பிய தரத்தில் துணி எடுக்கலாம், கொஞ்சம் பணம் கூட்டித் தைத்ததையே வாங்கிவிடலாம். எமது ஊர்க் கடைகளுக்கும் வியாபாரம் வந்தது. கேடும் இருந்தது. வவுச்சரின் பெறுமதி காகிதத்தில் அப்படியே நிற்கும், சந்தை விலை நிற்காது. 2022 போன்ற ஒரு வருடத்தில் கையில் வவுச்சர் மட்டும் இருந்திருந்தால் அதற்கு அரைச் சட்டைத் துணியாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். துணியாகக் கொடுப்பதில் விலையேற்றத்தின் ஆபத்தை அரசு சுமக்கிறது, வவுச்சரில் அதைத் தாய் சுமக்கிறாள். அந்த ஒரு காரணத்துக்காகவே துணியாகக் கொடுப்பது மேல் என்பது எமது கருத்து. ஆனால் 2023 இல் தேவையின் 70 சதவீதம், 2024 இல் 80 சதவீதம், 2025 இல் முழுவதும் என்று ஒரே நாட்டின் அன்பளிப்பில் நாற்பத்தாறு இலட்சம் பிள்ளைகளின் உடுப்பு தங்கியிருப்பது நிரந்தர ஏற்பாடாக இருக்க முடியாது.

அயலிலுள்ள தமிழ்நாட்டில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே சத்துணவுத் திட்டத்தில் உள்ள அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு வரையான மாணவர்களுக்கு வருடத்துக்கு நான்கு சோடிச் சீருடை, அதுவும் தைத்துக் கொடுக்கப்படுகிறது. தைப்பது மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்கள். பிள்ளைக்கு உடுப்பு, வறிய பெண்ணுக்குக் கூலி, ஒரே செலவில் இரண்டு காரியம். கேரளத்தில் 2017 முதல் அரசுப் பள்ளிகளுக்குக் கைத்தறிச் சீருடை கொடுத்து, வேலையில்லாமல் இருந்த நெசவாளருக்கும் வழி காட்டினார்கள். வசதி படைத்த இங்கிலாந்திலேயே சீருடைச் செலவு பெற்றோரை அழுத்துகிறது என்று கண்டு 2021 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பாடசாலைகள் தமது இலச்சினை பொறித்த, ஒரே கடையில் மட்டும் கிடைக்கும் பொருட்களை மிகக் குறைவாகவே கேட்க வேண்டும் என்பது அதன் அடிப்படையில் வந்த வழிகாட்டல். எமது நாட்டில் அரசுப் பாடசாலைகளுக்கு வெள்ளை பொதுவாக இருப்பதால் அந்தத் தொல்லை பெருமளவு இல்லை. கல்முனையில் தைத்த சட்டையை மாத்தளையிலும் உடுக்கலாம். இந்தப் பெரிய வசதியை நாமே டை, பெட்ஜ், விசேட ரீ-சேர்ட், வருடத்துக்கொரு புது இலச்சினை என்று கெடுத்துக்கொள்கிறோம்.

இங்கேதான் எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு கேள்வியைத் தமக்குள் கேட்க வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒவ்வொரு வருடமும் புதிய ரீ-சேர்ட் அடிக்காவிட்டால் போட்டி நடக்காதா? ஒரு பொருளைக் கட்டாயமாக்கும் தீர்மானம் கூட்டத்தில் வரும்போது, அதன் விலையை மூன்றால் பெருக்கி வாசித்துவிட்டுக் கை உயர்த்தச் சொன்னால், பாதித் தீர்மானங்கள் அங்கேயே விழுந்துவிடும். கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் கொடுக்க முடிந்த பெற்றோர். கொடுக்க முடியாதவர் அன்று கூலி வேலைக்குப் போயிருப்பார்.

தையற்கூலியைக் குறைப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. எமது ஊர்களில் தையல் படித்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள். தையல் வகுப்புச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்க, மெஷின் மூலையில் கிடக்கிறது. துணி பாடசாலைக்கு வந்ததும், மஹல்லாவில் பத்துப் பேரைச் சேர்த்து, குர்ஆன் மத்ரஸா மண்டபத்தில் விடுமுறை வாரத்தில் மெஷின்களைப் போட்டு, தேவையுள்ள பிள்ளைகளின் துணியை மொத்தமாகத் தைப்பது செய்யக்கூடிய வேலை. கூலியைப் பள்ளிவாசல் நிதியிலிருந்து கொடுக்கலாம். தைக்கும் பெண்ணுக்கும் அது தர்மமாக அல்லாமல் உழைப்பாகக் கிடைக்கும்.

சீருடை மாற்றும் ஏற்பாடும் அப்படித்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போகும் மாணவரிடம் நல்ல நிலையில் ஓரிரு சோடி இருக்கும். ஐந்தாம் வகுப்பிலிருந்து மேலே போகும் பிள்ளையிடமும் இருக்கும். துவைத்து, நீலம் போட்டு, அளவு வாரியாக அடுக்கி ஓர் அலுமாரியில் வைத்தால் போதும். பழைய உடுப்பை வாங்குவது கெளரவக் குறைவு என்று பெற்றோர் நினைப்பார்கள் என்பது உண்மை. அதற்கு மருந்து, ஏழைகளுக்கென்று பெயர் வைக்காமல் எல்லோருக்கும் திறந்து வைப்பதுதான். வசதியுள்ள ஓரிரு பெற்றோர் முதலில் வந்து எடுத்துக்கொண்டு போனால் மற்றவர்களின் கூச்சம் போய்விடும். இதைக் கடமையாகவே செய்யும்படி அவர்களிடம் கேட்கலாம்.

ஸகாத், ஸதகா பணத்தில் கற்றல் உபகரணம் வழங்குவது எமது ஊர்களில் வழமையாக நடக்கிறது. பாராட்ட வேண்டியது. ஆனால் அது வழங்கப்படும் விதம்? மேடை, பதாகை, ஒலிபெருக்கி, பிரதம அதிதி. பையைப் பிள்ளையின் கையில் கொடுத்தபடி அதிதி கமராவைப் பார்க்கிறார், பிள்ளை நிலத்தைப் பார்க்கிறது. அன்று மாலையே அந்தப் படம் முகநூலில். மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு இருக்கும்? வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். ஒரு கடையுடன் பேசி, பெயர் எழுதாத ஒரு சீட்டைத் தாயின் கையில் கொடுத்தால், அவள் மற்றவர்களைப் போலவே கடைக்குள் போய், மகளின் காலுக்குச் சப்பாத்தைப் போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு வருவாள். அளவும் சரியாக இருக்கும். மேடையில் கொடுத்த சப்பாத்து எத்தனை பேரின் காலுக்குச் சரியாக இருந்தது என்று எவரும் பிறகு கேட்பதில்லை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலையகத்தோடு எமது மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது. மண்சரிவும் வெள்ளமும் வந்த வீடுகளில் புத்தகங்களோடு சீருடைகளும் போயின. அந்தப் பிள்ளைகளுக்கு முதல் சோடியே இல்லை. வருடாந்தத் துணி விநியோகம் வருடத்தில் ஒரு தடவைதான். இடையில் இழந்தவருக்கு அதில் இடமில்லை. வலயக் கல்விப் பணிமனைகளில் அவசரத் தேவைக்கெனச் சிறிதளவு துணி இருப்பில் வைக்கும்படியும், சப்பாத்து வவுச்சரைப் பாடசாலையின் பருமனை வைத்து அல்லாமல் அஸ்வெசும பட்டியலை வைத்து வழங்கும்படியும் எமது பிரதிநிதிகள் கேட்க வேண்டும். பட்டியலிலும் பிழைகள் உண்டு, விடுபட்டவர்கள் உண்டு. அவர்களை அதிபரும் கிராம உத்தியோகத்தரும் சேர்ந்து சிபாரிசு செய்ய ஓர் இடம் விட்டால் சரி. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, ஒரு சுற்றுநிருபம் போதும். துணியும் வவுச்சரும் மூன்றாம் தவணை முடிவதற்கு முன்னரே பாடசாலைக்கு வந்து சேர்ந்தால், தையற்கடையில் கூட்டம் ஏறுவதற்கு முன் விடுமுறை முழுவதும் பெற்றோரின் கையில் இருக்கும்.